அந்தமான், நிக்கோபார்: மறுப்புச் சொல்லும் உரிமை யாருக்கு?

சென்னையில் விற்கப்படும் அந்தமான் சுற்றுலாத் திட்டங்களில் செல்லுலார் சிறையும், ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையும், பாராடாங் சுண்ணாம்புக் குகையும் அநேகமாகத் தவறாமல் இடம்பெறும். இவற்றுள் கடைசி இடத்துக்குச் சாலை வழியாகச் செல்லும் வண்டிகள் ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் குறுக்கே கடந்துதான் போகின்றன. அந்தச் சாலைப் பகுதியை மூடிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. பயண விளம்பரங்களில் இந்த விவரத்துக்கு இடம் இருப்பதில்லை.

தீவுகளின் பண்பாட்டையும் இயற்கைச் சூழலையும் காப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, வளர்ச்சி வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இப்படிக் கேட்கும்போது தீவில் வாழ்பவர் யார், முடிவெடுப்பவர் யார் என்பது மறைந்துபோகிறது. வெளியிலிருந்து வரும் சாலையையோ பயணியையோ துறைமுகத்தையோ ஏற்கவும் மறுக்கவும் அங்குள்ள மக்களுக்கு அதிகாரம் உண்டா, அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பு என்னவாகிறது என்று கேட்பதே பொருத்தமானது என்று தோன்றுகிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டு அந்தமான் நிக்கோபார் வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்துப் படித்தால் பல செய்திகள் துலங்குகின்றன.

சென்னைக்கு இது தொலைவான விவகாரம் அன்று. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், கப்பலில் மூன்று நாள் என்ற அளவில்தான் தீவுகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேவையான சிமெண்ட், காய்கறி, மருந்து ஆகியவற்றில் கணிசமான பகுதி இங்கிருந்து போகிறது. அங்கே தீர்க்க முடியாத நோயோடு வருபவர்கள் பலர் சென்னை மருத்துவமனைகளைத்தான் நாடுகின்றனர். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி இணைய வடம் சென்னைக் கரையிலிருந்துதான் புறப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழும் 3.8 லட்சம் பேரில் சுமார் 15 சதவீதத்தினருக்குத் தமிழ் தாய்மொழி.

அந்தத் தமிழர்களும், வங்காளம், ஆந்திரம், கேரளம், ஜார்க்கண்ட் முதலிய இடங்களிலிருந்து குடியேறியவர்களும் சேர்ந்து இன்று பெரும்பான்மையாக இருக்கின்றனர். தொல்குடிகளின் எண்ணிக்கையோ மிகச் சிறியது. அதே 2011 கணக்கெடுப்பில் ஜாரவா 380 பேர், ஷோம்பென் 229 பேர், ஓங்கே 101 பேர், பெரிய அந்தமானியர் 44 பேர் என்று பதிவாயினர். வட சென்டினல் தீவில் தொலைவிலிருந்து பார்த்து எண்ண முடிந்தவர்கள் 15 பேர் மட்டுமே. அதை மக்கள்தொகை என்று கொள்ள முடியாது. நிக்கோபாரியர் சுமார் 27,000 பேர். பள்ளி, தேவாலயம், அரசுப் பணி, கைப்பேசி எல்லாம் நிக்கோபாரியரின் வாழ்வில் கலந்துவிட்டன. ஆகவே ‘தீவுப் பழங்குடி’ என்று ஒரே சொல்லில் இவர்கள் அனைவரையும் அடக்குவது சரியாகாது. ஒவ்வொரு குழுவும் வெளியுலகோடு வைத்துக்கொண்ட தொலைவு வெவ்வேறு.

அந்தத் தொலைவு குலைந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய அந்தமானியரின் கதையே சான்று. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது அவர்கள் பல்லாயிரக்கணக்கில், பத்து மொழிக் குழுக்களாக வாழ்ந்ததாகக் கருதப்படுகிறது. 1859இல் அபெர்டீனில் ஆங்கிலேயரோடு மோதித் தோற்றனர். ஆனால் அவர்களை அழித்ததில் துப்பாக்கியைவிட நோய்க்கே பங்கு அதிகம். அவர்களை ‘நாகரிகப்படுத்த’ அமைக்கப்பட்ட அந்தமான் இல்லங்களில் மேகநோய் பரவியது. 1877இல் தட்டம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேராகக் குறைந்தவர்கள், 1961இல் வெறும் 19 பேர். எஞ்சியவர்களை அரசு ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தியது. போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். அவர்களை அழிக்க வேண்டும் என்று அந்த இல்லங்களை நடத்தியவர்கள் திட்டமிடவில்லை என்பதே இதில் அச்சமூட்டும் செய்தி. உதவி செய்வதாகவே அவர்கள் நம்பினார்கள்.

விடுதலைக்குப் பின் 1956இல் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் அனுமதியின்றி வெளியார் நுழைவதை அது தடுக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இந்தியாவின் மிக உறுதியான பழங்குடிப் பாதுகாப்புச் சட்டங்களுள் இதுவும் ஒன்று. அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, 1970களின் தொடக்கத்தில் ஜாரவா காட்டின் ஊடாக அந்தமான் நெடுஞ்சாலையை வெட்டத் தொடங்கினார்கள்.

தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிப்பூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இச்சாலையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாலைத் தொழிலாளர்கள் மீது ஜாரவாக்கள் அம்பெய்தார்கள், ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். மறுப்பை இதைவிடத் தெளிவாக யாரும் தெரிவித்திருக்க முடியாது. வேலை நின்று நின்று நடந்து, ஒருவழியாக முடிந்தது. 1996இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞர் ஒருவர் தலைநகர் மருத்துவமனையில் சில மாதங்கள் சிகிச்சை பெற்றுக் காடு திரும்பினார். 1997இன் பிற்பகுதியிலிருந்து ஜாரவாக்கள் அம்பில்லாமல் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. பெரிய அந்தமானியருக்கு நேர்ந்தது மறுபடியும் நேராமல் தடுத்தது, அப்போது விழித்துக்கொண்ட மருத்துவர்களின் உழைப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தீவுகளின் காடுகளின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தீவுகளில் மரம் வெட்டுவதையும் மணல் அள்ளுவதையும் கட்டுப்படுத்தியதோடு, ஜாரவா ஒதுக்கிடத்துக்குள் செல்லும் சாலைப் பகுதிகளையும் மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. வட, நடு அந்தமான் மக்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வேறு வழி இல்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். அதில் உண்மை உண்டு. மாயாபந்தரில் பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணுக்குக் கடல்வழி படகு உரிய நேரத்தில் கிடைக்காது என்று சொல்லும் குடும்பத்தை எவரும் குறை கூற முடியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்காகத் திறந்திருப்பதாகச் சொல்லப்பட்ட வழியில், குகை பார்க்கச் செல்லும் சுற்றுலா வண்டிகள் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் விடியற்காலையிலிருந்து வரிசை கட்டி நின்றன. காவல் வண்டி முன்செல்ல, அவை கூட்டமாகப் போகும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்பன விதிகள். 2012 ஜனவரியில் பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்று வெளியிட்ட காணொளியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் கேட்டது. நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது; அதே ஆண்டில் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் கடுமையாக்கப்பட்டன. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வழியே சுற்றுலாப் போக்குவரத்தைத் தடுத்து இடைக்கால ஆணை இட்டது. இரண்டு மாதங்களுக்குள் அந்தத் தடை நீங்கியது.

பாராடாங்குக்குக் கடல்வழிப் பாதையைப் பலப்படுத்தினால் சுற்றுலாவுக்குச் சாலை தேவைப்படாது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தனர். படகுப் போக்குவரத்தும் தொடங்கப்பட்டது. அதற்கிடையே சாலையை அகலப்படுத்தும் பணியும், நீரிணைகளின் மேல் பாலம் கட்டும் பணியும் தொடர்ந்தன. மூடச் சொன்ன சாலைக்குப் பாலம் கட்டுவது நிர்வாகத்தின் மனப்போக்கைக் காட்டிவிடுகிறது என்பேன்.

ஜாரவாக்கள் இப்போது எந்நிலையில் இருக்கிறார்கள் என்பதை ஒரே சொல்லில் கூற இயலாது. அவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இது நல்ல செய்தி. இன்னொரு பக்கம், காட்டுப் பன்றிக்கும் நண்டுக்கும் ஒதுக்கிடத்துக்குள் நுழையும் வேட்டையாடிகள் மதுவையும் புகையிலையையும் பழக்கிவிட்டனர். 2025 ஜனவரியில் 19 ஜாரவாக்களுக்கு வாக்காளர் அட்டை வழங்கப்பட்டது. தங்கள் காட்டின் ஊடே சாலை போவதைப் பற்றி எந்தக் காலத்திலும் முறையாகக் கருத்துக் கேட்கப்படாத மக்களுக்குக் குடியரசு கொடுத்த ஆவணம் அது.

வட சென்டினலின் நிலை இதற்கு நேர் எதிரானது. 1960களின் பிற்பகுதியிலிருந்து மானிடவியலாளர்கள் தேங்காய் கொண்டுபோய்த் தொடர்புகொள்ள முயன்றனர். 1991 ஜனவரியில் சென்டினல் மக்கள் முதன்முறையாக அவர்கள் கையிலிருந்தே தேங்காயை வாங்கினர். சில ஆண்டுகளில் அரசு அந்தப் பயணங்களையே நிறுத்திவிட்டது. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத சிறு கூட்டத்தைத் தொடுவதே ஆபத்து என்று புரிந்துகொண்டு, தொலைவிலிருந்து கண்காணிப்பது மட்டுமே கொள்கை என்றானது. தீவைச் சுற்றி ஐந்து கடல் மைல் தடைப்பகுதி. 2018 நவம்பரில் மதம் பரப்பச் சென்ற அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார். 2025இல் மற்றொரு அமெரிக்கர் கரையில் குளிர்பானமும் தேங்காயும் வைத்துவிட்டு வந்து கைதானார். சமூக ஊடகப் பார்வைக் கணக்குக்காக ஒரு மக்கள் கூட்டத்தின் உயிரோடு விளையாடும் இந்தப் புதுவகைப் பயணியை 1956ஆம் ஆண்டுச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்காது.

நிக்கோபாரில் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவதால் நமக்கு இத்தீவுகள் மீது தனிப் பெருமிதம் உண்டு; 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியபோதும் சோழர் கடற்படை நினைவு கூரப்பட்டது. வென்றவர்களின் கல்வெட்டில் தோற்ற ஊரின் பெயர் மட்டுமே இருக்கும், அங்கிருந்தவர் சொன்ன சொல் இருக்காது. அது நிற்க.

நிக்கோபாரியரின் சமூக அமைப்பின் நடுவே இருப்பது தூஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பம். தென்னந்தோப்பும் பன்றிகளும் தாழை மரங்களும் தனி ஆளுக்குச் சொந்தமானவை அல்ல, தூஹெத்துக்கு உரியவை. 2004 டிசம்பர் 26 அன்று சென்னை மெரினாவைத் தாக்கிய அதே அலை, நிலநடுக்கத்தின் மையத்துக்கு அருகிலிருந்த நிக்கோபார் கடலோரக் கிராமங்களைத் துடைத்தெடுத்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையில் நிலமே தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களை ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்திய கச்சால் தீவிலும் பேரிழப்பு.

அலைக்குப் பின் வந்த உதவியும் ஒரு வகையில் அந்தச் சமூகத்தை மாற்றியது. முதலில் தகரக் கொட்டகைகள். வெயிலில் உள்ளே இருக்க முடியாது. பிறகு வந்த நிரந்தர வீடுகள் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் ஒதுக்கப்பட்டன. இழப்பீடு தனிநபர் வங்கிக் கணக்குகளில் விழுந்தது. பணம் அதிகம் புழங்காத இடத்தில் திடீரென லட்சங்கள் வந்தபோது, அவை மோட்டார் சைக்கிளாகவும் மதுவாகவும் மாறியதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். யார் மீதும் கெட்ட நோக்கத்தைச் சுமத்த வேண்டியதில்லை. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் குடியிருக்கப் போகிறவரிடம் கேட்கப் போதிய பொறுமை இருக்கவில்லை, அவ்வளவே.

பெரிய நிக்கோபாரின் மேற்குக் கரையில் வாழ்ந்த நிக்கோபாரியர், கிழக்கே கேம்பல் விரிகுடாவுக்கு அருகிலுள்ள ராஜீவ் நகர் முதலிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். தற்காலிகம் என்றே அவர்கள் புரிந்துகொண்டனர். தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டு வருகின்றனர். அவர்கள் திரும்பவில்லை, திட்டம் வந்தது.

910 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரிய நிக்கோபாரில், கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைப்பது அத்திட்டம். தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். 130 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு இதற்காக மாற்றுப் பயன்பாட்டுக்குப் போகும். வெட்டப்படவிருக்கும் மரங்கள் லட்சக்கணக்கில். ஈடாக மரம் நடப்படவிருப்பதாகச் சொல்லப்பட்ட இடம் ஹரியானா. இன்று எட்டாயிரம் பேர் அளவில் வாழும் தீவில், அடுத்த முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் இருப்பார்கள் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. 2011இல் ஒட்டுமொத்த யூனியன் பிரதேசத்திலும் இருந்த மக்கள்தொகையை ஒட்டிய எண் அது.

திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தையும் எடைபோட வேண்டும். மலாக்கா நீரிணையின் மேற்கு வாயிலுக்கு அருகே இத்தீவு இருக்கிறது. இந்தியாவின் சரக்குப் பெட்டகங்களில் கணிசமானவை கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறுகின்றன. இந்தியப் பெருங்கடலில் சீனாவின் நடமாட்டம் கூடிவருகிறது. பாதுகாப்பு நோக்கத்துக்காக விமானத்தளத்தை விரிவாக்குவதை எதிர்ப்போர் குறைவு. சுற்றுலாவையும் வணிகத்தையும் அடிப்படையாகக் கொண்ட நகரியத்துக்கு அதே பாதுகாப்புக் காரணம் எப்படிப் பொருந்தும் என்பதுதான் விளங்கவில்லை.

கலத்தியா கரை, ஏழுவரி ஆமை முட்டையிடும் இடங்களுள் வட இந்தியப் பெருங்கடலிலேயே மிக முக்கியமானது. பெசன்ட் நகர்க் கரையில் தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி நடக்கும் சென்னைவாசிகளுக்கு ஆமைக் கரை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏழுவரி ஆமை அளவிலேயே வேறு; உலகின் மிகப் பெரிய ஆமை இனம். சின்ன அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகள் ஆஸ்திரேலியக் கரை வரையும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடல் வரையும் நீந்தியது பதிவாகியுள்ளது. 2004 அலையில் கலத்தியாவின் மணற்கரை அழிந்தபோது ஆமைகள் இனி வாரா என்றே அஞ்சினார்கள். கரை மீண்டும் உருவானது; ஆமைகளும் வந்தன. அந்தக் கரைக்குச் சரணாலயம் என்ற தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. இலைச்சருகையும் மண்ணையும் மேடாகக் குவித்து அதன் வெப்பத்தில் முட்டை பொரிக்க விடும் நிக்கோபார் மெகபோட் பறவைக்கும் அதே கரைதான் வீடு.

இங்கே சென்னை மறுபடியும் வருகிறது. துறைமுகப் பகுதி, துறைமுகமே கட்டக் கூடாத 1ஏ கடலோர வகையில் வருகிறதா, கட்ட இடமுள்ள 1பி வகையில் வருகிறதா என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த கேள்விகளுள் ஒன்று. தீவின் கடலோர மேலாண்மை ஆணையம் முன்னர் அளித்த தகவல், திட்டப் பரப்பில் ஒரு பகுதி 1ஏ வகையில் வருவதாகக் காட்டியது. தீர்ப்பாயம் அமைத்த உயர்நிலைக் குழு, சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையத்தை நேரில் சரிபார்க்கச் சொன்னது. எந்தப் பகுதியும் 1ஏ வகையில் இல்லை என்பது முடிவாக வந்தது. பவளப் பாறைகளும் ஆமைக் கரையும் இருக்கும் இடம் எப்படி வகை மாறியது என்று சூழலியலாளர்கள் கேட்கின்றனர். ஒரு தீவின் தலைவிதியைத் தீர்மானிக்கும் வரைபடம் வரையப்பட்ட ஊரில் இதைப் பற்றிப் போதுமான பேச்சு நடக்கவில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

நவீனம் என்பதே தீவுகளுக்குப் பகை என்று இதிலிருந்து முடிவு கட்டுவதற்கில்லை. பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் ஒரு நன்னீர் ஆலையை நிறுவியது. கடலின் ஆழத்திலுள்ள குளிர்ந்த நீருக்கும் மேல்மட்டத்தின் வெதுவெதுப்பான நீருக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைக் கொண்டு ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை; நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர். பவளத் தீவின் மணலுக்கு அடியில் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீரை மட்டுமே நம்பியிருந்த மக்களுக்கு, வயிற்றுக் கோளாறு குறையும் அளவுக்கு அது பயன்பட்டது. மின்சாரத்துக்கு டீசலை நம்ப வேண்டியிருந்தது அதன் குறை. வெப்ப வேறுபாட்டிலிருந்தே மின்சாரமும் எடுக்கும் ஆலைக்கு இப்போது முயல்கிறார்கள். தீவில் என்ன இல்லை என்று கேட்டுவிட்டுத் தொடங்கிய தொழில்நுட்பம் அது.

லட்சத்தீவு வேறொரு காரணத்துக்காகவும் ஒப்பிடத் தக்கது. அங்கே மக்கள்தொகையில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பட்டியல் பழங்குடியினர். நிலம் அவர்கள் கையில். வெளியார் வர அனுமதிச் சீட்டு வேண்டும். 2021இல் நிர்வாகம் கொண்டுவந்த வளர்ச்சி ஆணைய வரைவு, எந்த நிலத்தையும் வளர்ச்சிக்கென எடுத்துக்கொள்ள வழி வகுத்தபோது, தீவினர் வீட்டு வாசலில் பதாகை பிடித்தார்கள், உண்ணாநோன்பு இருந்தார்கள், கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எதிர்ப்பு நாடெங்கும் கேட்டது. படித்தவர்களும் வழக்கறிஞர்களும் தங்களுக்கென ஒரு மக்களவை உறுப்பினரும் உள்ள சமூகத்தின் மறுப்பை எளிதில் கடந்துவிட முடியவில்லை. பிரதமர் சென்றுவந்த 2024 ஜனவரிக்குப் பின் அங்கே சுற்றுலா ஆர்வம் பன்மடங்கு பெருகியிருக்கிறது. வெப்பத்தால் வெளுத்துவரும் பவளப் பாறைகள் அதைத் தாங்குமா என்ற கவலையும் நியாயமானது. எனினும் அந்தப் பேரம் தீவினரையும் உட்கார வைத்துத்தான் நடக்க வேண்டியிருக்கும்.

ஷோம்பென் மக்களால் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. பெரிய நிக்கோபார்க் காட்டின் உட்பகுதியில் வேட்டையும் கிழங்கும் தாழைப் பழமுமாக வாழும் அவர்களுக்கு எழுத்து இல்லை. அவர்களுக்காகக் கையெழுத்திடுவது அரசு அமைத்த நல அமைப்பு. அந்த அமைப்பே திட்டத்தை நிறைவேற்றும் நிர்வாகத்தின் ஓர் உறுப்பு. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரே என்றாகும்போது சம்மதம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்று நீதிமன்றங்கள்தான் விளக்க வேண்டும்.

நிக்கோபாரியர் எழுதத் தெரிந்தவர்கள்; எழுதினார்கள். பெரிய நிக்கோபார், சின்ன நிக்கோபார் பழங்குடிப் பேரவை முதலில் கொடுத்த தடையின்மைச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. தங்கள் மூதாதையர் நிலங்களும் திட்டப் பரப்பில் அடங்கும் என்பது அப்போது தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றது. வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைகள் தீர்க்கப்பட்டுச் சம்மதம் பெறப்பட்டது என்று மாவட்ட நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சான்றளித்திருக்கிறது. அந்தச் சட்டப்படி உரிமைகளை ஏற்கும் நடைமுறையே தங்களிடம் தொடங்கப்படவில்லை என்கிறது பேரவை. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மீறப்பட்டதா என்ற வழக்கு கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கிறது. தீவுகளுக்கு உயர் நீதிமன்றம் அதுதான். கேம்பல் விரிகுடாவிலிருந்து ஒருவர் அங்கே போய்ச் சேர, முதலில் தலைநகருக்குக் கப்பலேற வேண்டும், பிறகு கடலைக் கடக்க வேண்டும்.